முதல் டாலர் எங்கே போக வேண்டும்? மொஹாவி பாலைவன ஆமையைக் காக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

கலிபோர்னியாவின் மேற்கு மொஹாவியில் அருகருகே கிடக்கும் மூன்று வகை நிலங்களில் பாலைவன ஆமைகளைத் தேடி எண்ணினார்கள். வேலி போட்டு, வண்டியும் ஆட்டு மந்தையும் நுழையாமல் காத்த காப்பகத்தில் சதுர கிலோமீட்டருக்கு வளர்ந்த ஆமைகள் 10.2. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத தனியார் நிலத்தில் 3.7. மத்திய அரசே ‘முக்கிய வாழிடம்’ என்று அறிவித்த நிலத்தில் 2.4. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் கிறிஸ்டின் பெரியும் சக ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட எண்கள் இவை. பெயரளவில் நல்ல பாதுகாப்புப் பெற்ற நிலம் கடைசி இடத்தில் நிற்கிறது. ஆமைக்காகப் பணம் செலவிடப் போகிற எவரும் முதலில் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

அந்தப் பணம் பல கைகளில் இருக்கிறது. நிலம் வாங்கிக் காக்கும் அறக்கட்டளைகள், சூரிய மின் நிலையம் கட்டுவோரிடம் ஈட்டுத்தொகை வசூலிக்கும் அரசுத் துறைகள், ஏக்கருக்கு 550 டாலர் என்று கட்டுமானக் கட்டணம் வாங்கும் நெவாடாவின் கிளார்க் கவுண்டி, பயிற்சி நிலத்தை விரிவாக்கும் ராணுவம் என்று பட்டியல் நீளும். எல்லோர் முன்னாலும் ஏறத்தாழ அதே தெரிவுகள்: முழு வேலிக் காப்பகம், சட்ட அறிவிப்பு, தனியார் மனைகளை வாங்குதல், நெடுஞ்சாலை வேலி, காகக் கட்டுப்பாடு, குஞ்சு வளர்ப்பு, இடமாற்றம். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலும் பணம் வீணாகிறது. இவற்றுக்குள் முன்பின் வரிசை உண்டு. அந்த வரிசை ஆமையின் வயதுக் கணக்கிலிருந்து வருகிறது.

ஆமையின் வயதுக் கணக்கு

மொஹாவி பாலைவன ஆமை 50 முதல் 80 ஆண்டு வரை வாழக்கூடியது. பெண் ஆமை முட்டையிடும் பருவத்துக்கு வர 12 முதல் 20 ஆண்டு ஆகும். ஓர் ஈட்டில் பெரும்பாலும் நாலைந்து முட்டைதான். மழை பெய்து காட்டுப் பூக்கள் நிறைந்த ஆண்டில் இரண்டு ஈடு, அரிதாக மூன்று. கடும் வறட்சியில் ஒரு முட்டைகூட இடாமல் இருந்துவிடும். குஞ்சின் ஓடு கெட்டிப்பட ஐந்து முதல் ஏழு ஆண்டு பிடிக்கும். அதுவரை விரலால் அழுத்தினால் நம் நகம் போல வளையும். காகம், நரி, பாம்பு, எறும்பு என எல்லாமே அதைத் தின்னும்.

குஞ்சுகள் கூட்டமாகச் சாவது இந்த விலங்குக்குப் புதிதல்ல. அதைத் தாங்குவதற்குத்தான் ஒரு பெண் ஆமை நாற்பது, ஐம்பது ஆண்டு விடாமல் முட்டையிடுகிறது. தாங்க முடியாதது வளர்ந்த பெண் ஆமையின் சாவு. 1994-ல் டோக், கரீவா, க்ளெபெட்கா என்ற ஆய்வாளர்கள் மூவரும் மேற்கு மொஹாவி ஆமைகளுக்குப் போட்ட கணக்கிலும் இதுவே தெரிந்தது: கூட்டம் பெருகுமா தேயுமா என்பதை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது பெரிய பெண் ஆமைகள் ஆண்டுக்கு ஆண்டு உயிரோடிருக்கும் விகிதம்.

பெரியின் ஆய்வு இறப்பு விகிதத்தையும் தருகிறது. காப்பகத்தில் ஆண்டுக்கு 2.8 சதவீதம், தனியார் நிலத்தில் 6.3, முக்கிய வாழிடத்தில் 20.4. இந்த விகிதங்கள் அப்படியே நீடித்தால், புது ஆமை எதுவும் சேராத நிலையில், 100 வளர்ந்த ஆமைகளில் பத்து ஆண்டு கழித்துக் காப்பகத்தில் 75 மிஞ்சும். தனியார் நிலத்தில் 52. முக்கிய வாழிடத்தில் 10. ஒரு குஞ்சு தாயாவதற்கு ஆகும் காலத்தைவிடக் குறைந்த காலத்தில் நடக்கும் சரிவு இது.

சாவு விகிதத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த எண்ணின் பலவீனமும் அதில்தான் இருக்கிறது. நிலத்தைக் கட்டம் கட்டமாக நடந்து, செத்த ஆமைகளின் ஓடுகளைத் தேடி எடுப்பார்கள். அண்மையில் செத்ததன் ஓட்டில் கவசத் தகடுகள் இறுக ஒட்டி, நிறம் மங்காமல் இருக்கும். பிறகு தகடுகள் ஓரத்தில் தூக்கிக்கொண்டு உதிரும். எலும்பு வெளுத்துச் சுண்ணாம்பு போலாகி, மூட்டுகள் விட்டுக் கலைந்துவிடும். கடந்த நான்கு ஆண்டுக்குள் செத்தவற்றை இந்த அடையாளங்களால் பிரித்தெடுத்து, உயிரோடிருப்பவற்றின் எண்ணிக்கையோடு வைத்து விகிதம் போடுவார்கள். ஓடுகளின் எண்ணிக்கை சிறியதாக இருந்தால் விகிதம் ஆடும். ஆகவே 20.4 என்பதைத் தசமப் புள்ளி வரை நம்பத் தேவையில்லை. மூன்றுக்கும் இடையிலான தூரத்தை நம்பலாம்.

இன்னொரு எச்சரிக்கை. காப்பக நிலத்தைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கவில்லை. 1970-களில் ஆமைகள் மிக நெருக்கமாக இருந்த இடம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். எண்ணிக்கை வேறுபாட்டில் ஒரு பங்கு அந்தப் பழைய செழிப்பின் மிச்சம். இறப்பு விகித வேறுபாட்டை அப்படி எளிதில் தள்ளிவிட முடியாது.

முழு வேலிக் காப்பகம்

இங்கே பேசும் காப்பகம் கலிபோர்னியா சிட்டி ஊருக்கு அருகே, கெர்ன் கவுண்டியில் இருக்கிறது. அதற்காக 1974-ல் ஒரு பாதுகாப்புக் குழு உருவானது. 1980-ல் முறைப்படி அறிவித்தார்கள். பரப்பு ஏறத்தாழ 40 சதுர மைல். உள்ளே மோட்டார் வண்டி, ஆட்டு மேய்ச்சல், சுரங்கம் எதற்கும் இடமில்லை.

வண்டியை நிறுத்துவதால் கிடைப்பது என்ன? ஆமை தன் வாழ்நாளில் 95 சதவீதத்தை வளைக்குள் கழிக்கிறது. பெரும்பாலான வளைகள் கிரியோசோட் என்ற பாலைவனப் புதரின் அடியில் சாய்வாக இறங்கும். புதரை ஒட்டி ஓடும் பைக் ஆமையை நேரில் பார்க்காமலேயே வளையின் கூரையை உடைத்து உள்ளே புதைத்துவிடும். மண்ணின் மேற்பொருக்கு உடைந்தால் காற்று அரிக்கும். ஆமை உண்ணும் ஓராண்டுப் பூச்செடிகள் குறைந்து, மத்தியத் தரைக்கடல் நாடுகளிலிருந்து வந்த ஸ்கிஸ்மஸ் போன்ற களைப்புல் பரவும். இதே காப்பகத்தில் ஆய்வாளர் மேத்யூ புரூக்ஸ் 1990-களில் வேலிக்கு உள்ளும் வெளியும் ஒப்பிட்டபோது, உள்ளே ஓராண்டுச் செடிகளின் மொத்த எடை கூடுதல், ஸ்கிஸ்மஸ் வெளியே கூடுதல் என்று கண்டார். ஆட்டு மந்தையும் இதே இரண்டு வழியில் கெடுக்கிறது. தீனியில் பங்கு கேட்கிறது, குளம்பால் வளையை மிதிக்கிறது.

வண்டியை நிறுத்தினால் துப்பாக்கியும் பெரும்பாலும் நின்றுவிடும் என்பது பலர் கவனிக்காத பலன். ஓட்டில் குண்டுத் துளையோடு கிடக்கும் ஆமைகள் மேற்கு மொஹாவியில் அரிதல்ல. வீட்டில் வளர்க்கத் தூக்கிக்கொண்டு போவதும் வண்டி போகும் தடத்தை ஒட்டித்தான் நடக்கிறது.

இந்த வேலி ஆமையை நிறுத்துவதற்கானது அல்ல. வண்டியும் மந்தையும்தான் இலக்கு. ஆகவே கீழ்க் கம்பி தரையைத் தொடாமல், ஆமை தாராளமாக நுழைந்து வெளியேறும் அளவு இடைவெளி விட வேண்டும். நெடுஞ்சாலை வேலியின் வரைபடத்தை எடுத்துக் காப்பக எல்லைக்கும் போட்டால், ஆமைகள் உள்ளே அடைபட்டு, வெளியிலுள்ள கூட்டத்தோடு கலப்பு நின்றுபோகும்.

வேலியால் ஆகாததையும் சொல்லியாக வேண்டும். இந்தக் காப்பகத்துக்குள்ளேயே 1980-களின் பிற்பகுதியில் பெரும் சாவு வந்தது. மைக்கோபிளாஸ்மா அகாசிஸி என்ற கிருமியால் வரும் மேல்மூச்சுக் குழாய் நோய் பரவியது. மூக்கில் சளி வடிந்து, இமை வீங்கி, இரை எடுக்காமல் மெலிந்து சாகும். வீட்டில் வளர்த்த நோயுள்ள ஆமைகளைப் பாலைவனத்தில் விட்டுப் போவது இந்த நோய் பரவும் வழிகளில் ஒன்று என்ற சந்தேகம் வலுவானது. வேலி காகத்தையும் தடுக்காது. சதுர கிலோமீட்டருக்கு 10.2 என்பது 1970-களில் அங்கே இருந்ததன் சிறு பகுதிதான். மூன்றில் சிறந்தது என்று சொல்லலாம். போதுமானது என்று சொல்ல முடியாது.

சட்ட அறிவிப்பு மட்டும்

1990 ஏப்ரலில் இந்த ஆமை மத்திய அரசின் அச்சுறுத்தலுக்குள்ளான இனங்கள் பட்டியலில் சேர்ந்தது. 1994-ல் ஏறத்தாழ 64 லட்சம் ஏக்கர் முக்கிய வாழிடம் ஆனது. பிறகு என்ன நடந்தது? ஆலிசன், மெக்லக்கி இருவரும் 2018-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2004-க்கும் 2014-க்கும் இடையில் ஆமைப் பாதுகாப்புப் பகுதிகளிலேயே வளர்ந்த ஆமைகள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. மேற்கு மொஹாவியில் சரிபாதி. கிழக்கு மொஹாவியில் மூன்றில் இரண்டு பங்கு. வடகிழக்கில் மட்டும் கூடியது. 2024 ஏப்ரலில் கலிபோர்னியாவின் மீன், வனவிலங்கு ஆணையம் மாநிலப் பட்டியலில் இதை ‘அழியும் நிலை’ என்ற மேற்படிக்கு ஏற்ற முடிவெடுத்தது.

முக்கிய வாழிடம் என்பது, மத்தியத் துறைகள் அங்கே எதற்காவது அனுமதியோ பணமோ கொடுக்கும் முன் வனவிலங்குத் துறையைக் கலந்தாக வேண்டும் என்ற கடமை. அணையையும் சுரங்கத்தையும் தடுக்க அது உதவும். சனிக்கிழமை காலையில் குறித்த தடத்தை விட்டு விலகிப் புதருக்குள் பாயும் பைக்கைத் தடுக்க அதனிடம் கை கிடையாது. தடம் குறித்துப் பலகை நட்டால், பலகை பிடுங்கப்படும். விலகிப் போன ஒரு வண்டியின் தடத்தை அடுத்த வண்டி வழி என்று நினைக்கும். பல ஆண்டு கழித்து வரைபடத்தில் 100 மைல் தடம் இருக்கும் இடத்தில் தரையில் அதைவிட மிக அதிகம் இருக்கும்.

ஆகவே சட்ட அறிவிப்பைத் தேவையில்லை என்று தள்ளவில்லை. அது பாதுகாப்பு வேலைக்கு நிலத்தைத் திறந்து வைக்கிறது, வேலையைச் செய்வதில்லை. அறிவிப்புப் பெற்ற நிலத்தில் செலவிடும்போது மிகுந்த பலன் தருவது தடங்களை உண்மையாகவே மூடுவது. முழு நீளத்துக்கும் உழுது மூட வேண்டியதில்லை. பெரிய தடத்திலிருந்து பிரியும் முனையில், கண்ணுக்கு எட்டும் தூரம் வரை, காய்ந்த புதர்களை அடிமண்ணோடு நட்டு, கற்களைப் பரப்பி, சக்கரத் தடம் தெரியாமல் செய்தால் போதும். ஓட்டுபவர் கண்ணுக்கு வழி தெரியாவிட்டால் திரும்பமாட்டார். வெறும் பலகையும் மண் மேடும் வைத்தால் அதைச் சுற்றிப் புதுத் தடம் பிறக்கும்.

தனியார் மனைகள்

தனியார் நிலத்தில் 3.7 என்ற எண் பலரை வியக்க வைத்தது. கட்டுப்பாடே இல்லாத நிலத்தில் சட்டம் பெற்ற நிலத்தைவிட ஆமை அதிகமா? இந்தப் பகுதியின் வரலாறு தெரிந்தால் வியப்பு குறையும். கலிபோர்னியா சிட்டி 1958-ல் பெரும் நகரமாக ஆகும் என்ற கனவோடு மனை போட்டு விற்கப்பட்டது. தெருக்களை மண்ணில் கீறினார்கள், வீடுகள் வரவில்லை. சுற்றிலும் சிறுசிறு துண்டுகளாக எண்ணற்ற உரிமையாளர்கள், பலர் தம் நிலத்தை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. கேட்பாரற்றுக் கிடந்ததே சில இடங்களில் காப்பாக அமைந்தது. அது நிலையான காப்பு அல்ல. நாளை ஒருவர் மொத்தமாக வாங்கிச் சூரியத் தகடு பரப்பலாம்.

துண்டு துண்டாக வாங்குவது மெதுவான வேலை. ஒவ்வொரு மனைக்கும் உரிமைப் பத்திரம் தேடல், வரி பாக்கி, கனிம உரிமை தனியாக இருக்கிறதா என்ற சரிபார்ப்பு. கனிம உரிமை வேறொருவரிடம் இருந்தால் மேல்மண்ணை வாங்கியும் சுரங்கத்தைத் தடுக்க முடியாது. நிலம் வாங்கும் விலையோடு பராமரிப்புக்கான நிலைநிதியும் சேர்ந்து வரவேண்டும். அது இல்லாமல் வாங்கிய நிலம், சில ஆண்டில் குப்பை கொட்டும் இடமாகிவிடும். ஏற்கெனவே வேலி உள்ள காப்பகத்தை ஒட்டிய மனையை முதலில் வாங்குங்கள். தனித்தீவாக நடுவில் கிடக்கும் 2 ஏக்கர் ஆமைக்கு எதுவும் செய்யாது.

நெடுஞ்சாலை வேலி

எங்கள் கணிப்பில் செலவிட்ட பணத்துக்குச் சந்தேகமில்லாமல் பலன் தருவது இது. சான் பெர்னார்டினோ கவுண்டியில் 58-ஆம் எண் நெடுஞ்சாலையில் 24 கிலோமீட்டருக்கு ஆமை வேலி போட்டார்கள். பில் போர்மன், மார்க் சசாகி இருவரும் 1996-ல் வெளியிட்ட முடிவு: வேலி உள்ள பகுதியில் அடிபட்டுச் செத்த ஆமைகள், வேலி இல்லாத பகுதியைவிட 93 சதவீதம் குறைவு. வேலி இல்லாத சாலையின் இருபுறமும் 400 மீட்டர் வரை ஆமைகள் அருகிவிடுகின்றன என்று அவர்களே பின்னர் காட்டினார்கள். ஒரு கிலோமீட்டர் சாலைக்கு 0.8 சதுர கிலோமீட்டர் நிலம் வெறிச்சோடுகிறது என்று பொருள். வேலி போட்டால் அந்த நிலம் மெல்ல நிரம்பத் தொடங்கும். புது நிலம் வாங்காமலேயே வாழிடம் கிடைத்த கணக்கு.

அளவுகள் முக்கியம். துத்தநாகம் பூசிய, 16 கேஜ் தடிமன் கொண்ட, பற்றவைத்த கம்பி வலை. கண்ணி அகலத்தில் 1 அங்குலம், உயரத்தில் 2 அங்குலம். வலையின் மொத்த அகலம் 36 அங்குலம். அதில் 12 அங்குலம் மண்ணுக்குள், ஏறத்தாழ 24 அங்குலம் மேலே. பாறையால் தோண்ட முடியாத இடத்தில், அடிப்பகுதியைச் செங்கோணத்தில் மடித்து, ஆமை வரும் பக்கமாகத் தரையில் விரித்து, மேலே மண்ணும் கல்லும் போட்டு மூட வேண்டும். மடிப்பைச் சாலைப் பக்கமாகத் திருப்பினால், ஆமை வேலியடியில் தோண்டி நேரே சாலைக்கு வந்துவிடும். இரும்புத் தூண்கள் 10 அடிக்கு ஒன்று. வாயில்களில் கதவு தரையோடு ஒட்ட வேண்டும். வண்டி அடிக்கடி போகும் இடமென்றால் பள்ளத்தின் மேல் கம்பிப் பாலம். அதற்கடியில் விழுந்த ஆமை ஏறி வெளியேற ஒரு சாய்தளம் வைக்க மறக்கக் கூடாது.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, வெயில். புது வேலி தன் பழைய பாதையை மறித்ததும் ஆமை திரும்பிப் போகாது. வேலியோரமாகவே மணிக்கணக்கில் முன்னும் பின்னும் நடக்கும். நிழல் இல்லாத அந்த நடையில் உடல் சூடேறிச் செத்த ஆமைகள் உண்டு. ஆகவே வேலி கட்டிய முதல் பருவத்தில் ஓரமாக நிழல் தரும் சிறு கூரைகளோ, பாதி புதைத்த குழாய்களோ வைத்து, ஆமை நடமாடும் மாதங்களில் நாளுக்கு இரண்டு, மூன்று முறை ஆள் நடந்து பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் வேலி கட்டி முடித்துவிட்டு அந்த ஆளை அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை; ஆமை வெளியே வருவது மார்ச்சில்தான்.

இரண்டாவது, வெள்ளம். பாலைவன ஓடையில் ஒரே மழை வேலியை அடித்துக்கொண்டு போகும். அந்த ஓட்டை வழியே நுழைந்த ஆமை சாலைப் பக்கம் மாட்டிக்கொண்டு வெளியேற வழியின்றி அடிபடும். மாதம் ஒரு முறையும், பெருமழைக்குப் பின் இரண்டு நாளுக்குள்ளும் முழு நீளத்தையும் பார்க்கப் பணம் ஒதுக்காத வேலியைக் கட்டாமலேயே விடலாம்.

மூன்றாவது, சாலைக்கு அடியிலுள்ள மதகுகள். வேலி மட்டும் போட்டால் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஆமைகள் மதகுகளைப் பயன்படுத்துகின்றன, ஆனால் மதகின் வாயில் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பெருங்கற்களின் இடுக்கில் சிக்கிச் சாகின்றன. கற்களுக்கு இடையே சிமென்ட் கலவை ஊற்றி மூடி, மேலே மண் பரப்ப வேண்டும். சிறிய செலவு, திட்ட மதிப்பீட்டில் பெரும்பாலும் விடுபடுவது.

ரேவன் காகம்

நம் அண்டங்காக்கையைவிடப் பெரிய காகம் இது. மேற்கு மொஹாவியில் 1968-க்குப் பிந்தைய 25 ஆண்டுக்குள் இதன் எண்ணிக்கை 1,000 சதவீதம் கூடியது. காரணம் முழுக்க மனிதர்கள்: குப்பைமேடு, கழிவுநீர்க் குளம், சாலையில் அடிபட்ட விலங்குகள், கூடு கட்ட மின் கோபுரம். ஒரே கூட்டின் அடியில் நான்கு ஆண்டுகளில் 250 குட்டி ஆமை ஓடுகளைப் பொறுக்கியிருக்கிறார்கள். ஓட்டின் மேற்புறத்தில் அலகால் கொத்திய ஓட்டை, உள்ளே காலியாக இருக்கும். பார்த்தாலே யார் வேலை என்று தெரியும்.

இரண்டு வழிகளை ஒப்பிடலாம். கூட்டை அழிப்பதோ முட்டையை எடுப்பதோ பயனற்றது, ஏனென்றால் காகம் உடனே மறு ஈடு போடும். முட்டைமேல் உண்ணும் எண்ணெய் தெளித்தால் ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டுக் கரு வளராது. காகம் தெரியாமல் பருவம் முடியும்வரை அடைகாத்துக்கொண்டே இருக்கும். குஞ்சுக்கு இரை தேட வேண்டிய தேவையும் அந்த ஆண்டு இல்லை. நீண்ட கழியாலோ சிறு ட்ரோனாலோ எண்ணெய் தெளிக்கிறார்கள். இதற்கும் மத்திய அரசின் அனுமதி கட்டாயம், காகம் புலம்பெயர் பறவைச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆனால் எண்ணெய் ஒவ்வோர் ஆண்டும் தெளிக்க வேண்டிய மருந்து. மூடியுள்ள குப்பைத் தொட்டி, நாள்தோறும் மண் மூடும் குப்பைமேடு, வலை போட்ட கழிவுக் குளம் ஆகியவையே நிலையான தீர்வு. நெடுஞ்சாலை வேலி இங்கும் கைகொடுக்கிறது: அடிபட்ட விலங்கு குறைந்தால் காகத்தின் இலவச உணவும் குறைகிறது. அதே 58-ஆம் சாலையில் சிறு முதுகெலும்பிகளின் சாவு 88 சதவீதம் குறைந்தது.

இதை ஏன் முதலில் வைக்கவில்லை? காகம் குஞ்சைத் தின்கிறது, தாயைப் பெரும்பாலும் தொடுவதில்லை. தாய்கள் 20 சதவீதம் சாகும் நிலத்தில் காகத்தை மட்டும் அடக்கினால், வளர்ந்து வரும் குஞ்சுகளுக்கும் அதே சாவு காத்திருக்கும்.

குஞ்சு வளர்ப்பு

முட்டையிடும் பெண் ஆமைகளைத் தற்காலிகமாகப் பிடித்து, வலைக் கூரையிட்ட அடைப்பில் முட்டையிட வைத்து, குஞ்சுகளை ஓடு கெட்டிப்படும்வரை வளர்த்துவிடும் முறை. எட்வர்ட்ஸ் விமானத்தளம், ட்வென்டிநைன் பாம்ஸ் தளம், மொஹாவி தேசியக் காப்பகப் பகுதி ஆகிய இடங்களில் நடக்கிறது. ஓட்டு நீளம் 100 மில்லிமீட்டரைத் தாண்டியபின் விட்டால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. திறந்தவெளி அடைப்பில் அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டு ஆகும். முதல் ஆண்டு உள்ளறையில் இரை கொடுத்து வளர்த்து, பிறகு வெளியே பழக்கினால் காலம் வெகுவாகச் சுருங்குகிறது.

நல்ல கருவி, காலம் தவறிப் பயன்படுத்தினால் வீண். ஆண்டுக்கு நூற்றுக்கு இருபது தாய்கள் சாகும் இடத்தில் அந்த இருபதை ஈடுகட்ட எத்தனை குஞ்சு வளர்க்க வேண்டும்? வளர்த்து விட்டதும் அவை தாயாகப் பத்தாண்டுக்கு மேல் அதே வண்டித் தடங்களுக்கு நடுவே பிழைக்க வேண்டும். வேலி நின்று, சாவு விகிதம் குறைந்த நிலத்தில், கூட்டம் ஏற்கெனவே மிக மெலிந்துவிட்டால் மட்டும் இதைத் தொடங்கலாம். இந்த ஆமைக்கான மத்திய அரசின் 1994 மீட்புத் திட்டம் வைத்த எல்லை சதுர கிலோமீட்டருக்கு 3.9 வளர்ந்த ஆமைகள்; அதற்குக் கீழே போனால் ஆணும் பெண்ணும் சந்திப்பதே குறைகிறது. 2.4-ல் இருக்கும் நிலம் அந்த எல்லைக்கு வெகு கீழே.

இடமாற்றம்

கட்டுமானம் வரும் இடத்திலிருந்து ஆமைகளைப் பிடித்து வேறிடத்தில் விடுவது. செய்தித்தாளில் நல்ல படமாக வரும். 2008-ல் ஃபோர்ட் இர்வின் ராணுவத் தளத்திலிருந்து ஏறத்தாழ 600 ஆமைகளை மாற்றினார்கள். முயல்களும் எலிகளும் குறைந்த வறட்சிக் காலம். பசித்த கொயோட்டிகள் (நரி போன்ற காட்டு நாய்கள்) ஆமைகளைத் தின்றன. பிறகு திட்டம் நிறுத்தப்பட்டது. நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: எஸ்க்கும் சக ஆய்வாளர்களும் 2010-ல் காட்டியபடி, அந்த ஆண்டுகளில் மாற்றப்படாத ஆமைகளும் அதே அளவில் இரையாயின. அந்தச் சாவை இடமாற்றத்தின் மேல் மட்டும் போட முடியாது.

பிறகு தெரிந்ததுதான் கவலைக்குரியது. மாற்றி நான்கு ஆண்டுக்குப் பின் அங்கே பிறந்த குஞ்சுகளின் மரபணுவைச் சோதித்தார்கள். தந்தை அடையாளம் தெரிந்த குஞ்சுகளில் ஒன்றுக்குக்கூட மாற்றப்பட்ட ஆண் தந்தையல்ல. 2017-ல் வெளியான இந்த முடிவின்படி, புது இடத்தில் ஆண் ஆமை உயிரோடு இருந்தும் இனப்பெருக்கக் கணக்கில் இல்லை. எண்ணிக்கைப் பட்டியலில் அது ‘காப்பாற்றப்பட்டது’ என்று வரும்.

அதே 2017-ல் ட்வென்டிநைன் பாம்ஸ் கடற்படைத் தரைப்படைத் தளத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் ஹெலிகாப்டரில் மாற்றப்பட்டன. இவான்பா சூரிய மின் நிலையத்தில் எதிர்பார்த்ததைவிட அதிக ஆமைகள் கிடைத்ததால் 2011-ல் கட்டுமானத்தின் ஒரு பகுதியையே நிறுத்த வேண்டி வந்தது. ஆகவே கட்டுமானக்காரருக்கும் எங்கள் வேண்டுகோள் இதுதான்: ஆமை நெருக்கம் குறைந்த, ஏற்கெனவே கெட்டுப்போன நிலத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாற்றுவதைவிட அது மலிவு.

தவிர்க்கவே முடியாமல் மாற்றும்போது, கையாளும் முறையில் உயிர் தங்கியிருக்கிறது. வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ மட்டும். தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தொடக் கூடாது. ஒவ்வோர் ஆமைக்கும் புதுக் கையுறை. தராசும் பெட்டியும் ஒவ்வொரு முறையும் ப்ளீச் கரைசலில் கழுவ வேண்டும். கவிழ்க்காமல் கிடையாகத் தூக்க வேண்டும். பயந்தால் ஆமை சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிடும். அது கழிவல்ல, அடுத்த மழைவரை அது சேர்த்து வைத்த தண்ணீர். அப்படி நடந்தால் தாடைக்குக் கீழே நிற்கும் அளவு ஆழமற்ற நீரில் 10 முதல் 20 நிமிடம் வைத்துக் குடிக்க விட்டபின்தான் விட வேண்டும். இரத்தத்தில் மைக்கோபிளாஸ்மா சோதனை முடியாத ஆமையைப் புதுக் கூட்டத்தில் விடுவது, நோயைக் கையால் கொண்டுபோய் வைப்பதாகும்.

எந்த நிலத்துக்கு எது முதலில்

வளர்ந்த ஆமை சதுர கிலோமீட்டருக்கு 3.9-க்கு மேல் இருக்கும் நிலத்தில், அதன் நடுவே வேகச்சாலை போனால் முதல் டாலர் சாலை வேலிக்கு. சாலை இல்லாமல் வண்டித் தடங்கள் மலிந்த நிலமென்றால் எல்லை வேலியும் தடம் மூடலும், இரண்டுக்கும் ரோந்துக்கு ஆளும். இவற்றைச் செய்து முடித்து இரண்டு, மூன்று பருவம் கழித்தும் குட்டிகள் கண்ணில் படாவிட்டால் காகத்தின் பக்கம் திரும்பலாம். குப்பையையும் தண்ணீரையும் முதலில், எண்ணெயைப் பிறகு.

3.9-க்குக் கீழே இருக்கும் நிலத்தில் மனச்சாட்சியோடு கேட்க வேண்டிய கேள்வி: சாவின் காரணம் நின்றுவிட்டதா? நின்றிருந்தால் குஞ்சு வளர்ப்பு. நிற்காவிட்டால் அந்தப் பணம் பக்கத்திலுள்ள அடர்ந்த நிலத்தின் வேலிக்கும், அதை ஒட்டிய மனைகளுக்கும் போகட்டும். களைப்புல் மண்டிய நிலத்தில் இவற்றோடு தீத்தடுப்பும் சேர வேண்டும். யூட்டாவின் ரெட் கிளிஃப்ஸ் காப்பகம் 1996-ல் 62,000 ஏக்கரில் அமைந்தது, நல்ல அடர்த்தி கொண்டது. 2005-லும் 2020-லும் காட்டுத்தீ அதன் பெரும் பகுதிகளை எரித்தது. கிரியோசோட் புதர் தீக்குப் பழகாதது, எரிந்தால் மீள நெடுங்காலம் ஆகும். வேலி அங்கே அப்படியே நின்றது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், வேலை தொடங்கும் முன்பே அதே கட்டங்களில் உயிருள்ள ஆமைகளையும் ஓடுகளையும் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த ஓடுகளை எண் எழுதி அகற்றிவிட்டால், ஐந்தாம் ஆண்டு மறுபடி நடக்கும்போது கண்ணில் படுவதெல்லாம் இடைப்பட்ட காலத்தில் செத்தவை. அந்த ஆண்டு எத்தனை குஞ்சு விட்டீர்கள் என்று கேட்பவர்களுக்கு, 180 மில்லிமீட்டருக்கு மேலான, அதாவது வளர்ந்த ஆமைகளின், ஓடுகள் எத்தனை கிடைத்தன என்ற எண்ணை முதலில் காட்டுங்கள்.